எழுதப் படிக்கத் தெரிந்தவன்

"உமக்குப் படிப்பதற்கு நேரம் எங்கே ஐயா கிடைக்கிறது?" என்று நண்பர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு. பகலெல்லாம் பார்சல் காரியாலயத்தில் மூட்டைகளை எண்ணுகிறவன், வீடு திரும்பியதும் தண்ணீர்க் குடத்துக்கும் ரேஷன் அரிசிக்கும் அலைகிறவன், எப்பொழுதுதான் புத்தகத்தைத் தொடுகிறான் என்பது அவர்களுடைய சந்தேகம். நியாயமான சந்தேகந்தான். ஆயினும் விடை மிகவும் சுலபமானது. ரயில்வே எனக்குச் சம்பளத்தோடு நாள்தோறும் ஐம்பது நிமிஷ அவகாசத்தையும் கொடுத்துவருகிறது.

சயானில் ஏறினால் மாதுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுலா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித், பிறகு சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஏறக்குறைய 25 நிமிஷப் பிரயாணம். போக ஓர் இருபத்தைந்து, வர ஓர் இருபத்தைந்து. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதற் பிரயாணி ரயில், 14 பெட்டிகளோடும் 400 விருந்தினரோடும் ஓடியது இந்தத் தடத்தில்தான். அந்த நானூறு பேரும் சௌகரியமாக உட்கார்ந்தே போயிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். இன்று காலை வேளையில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கிறோம். இதற்கென்று ரயில்வேக்காரர்கள் ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள்: 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்'. தமிழில் இதை எவ்வாறு சொல்வது என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன். 'எள் விழ இடமில்லை' என்றார்கள் நம் பெரியவர்கள். அது போதாது. இங்கே எள் விழுந்தால் எவருடைய சட்டைப் பையிலாவது தங்கிவிடுமேயொழியத் தரைக்கு வந்து சேராது.

இந்த நெருக்கத்தில் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். பருமனான நாவல்கள் பயன்படா. உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகமாக இருக்கவேண்டும். ஒரு கை மேலே கைப்பிடியைப் பற்றியிருக்க, மற்றொரு கையின் பெருவிரலாலேயே தாளைப் புரட்டத் தெரிந்திருக்கவேண்டும். பத்திரிகையானால் நீளவாக்கில் நான்காக மடித்துக்கொள்ளலாம். மூவர் அமரும் பலகையில் நான்காமவராக ஓரத்தில் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் அதுவே பெரும் பாக்கியம் என்று எங்கள் வண்டியில் கருதப்படும். எனக்கு அதில் அவ்வளவு மோகமில்லை. உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. நின்றால் படிப்பு நடக்கிறது. சிறுகதைக்கு இந்தப் பிரயாணம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். கவிதை அதைவிட உத்தமம். சயானுக்கும் தாதருக்குமிடையே ஒன்றைப் படித்துவிட்டால், மஸ்ஜித் வரையில் அதை மனத்துக்குள்ளே திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்; புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கவேண்டிய அவசியங்கூட இல்லை.

இப்பொழுதெல்லாம் வண்டியில் புத்தகம் பிடித்திருப்பவர் அரிது. எல்லோர் கையிலும் கைப்பேசிதான் என்று வருந்துவோர் உண்டு. அவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கைப்பேசியில் தொடர்கதை படிக்கிறவரும் படிக்கிறவர்தாம். அன்றியும், முன்னே ஒருவர் வாங்கிய தினசரியைத் தோளுக்குப் பின்னாலிருந்து மூவர் இலவசமாகப் படித்ததுபோல, இன்றும் பக்கத்து மனிதரின் கைப்பேசியை மூவர் படித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

ரயிலுக்கும் வாசிப்புக்கும் உள்ள உறவு நெடுநாளையது. இங்கிலாந்தில் 1848-இல் யூஸ்டன் நிலையத்தில் ஸ்மித் கம்பெனியார் புத்தகக் கடை திறந்தார்கள். நம் நாட்டில் 1877-இல் அலகாபாத்தில் வீலர் கம்பெனி தொடங்கியது. தென்னாட்டு நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடைகள் பெயர் பெற்றன. ரயிலில் படித்தவர்கள் எண்ணற்றவர்கள். எழுதியவரும் ஒருவர் உண்டு: ஆண்டனி டிராலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர். 1834-இல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். உத்தியோக நிமித்தம் ஓயாமல் ரயிலில் சுற்ற நேர்ந்தபோது, முழங்காலின்மீது வைத்துக்கொள்ள ஒரு சிறு பலகை செய்துகொண்டு, பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். அவர் மனைவி அதைப் பிறகு மையால் நகல் எடுத்துவைத்தாராம். 1857-இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' பெரும்பாலும் இவ்வாறு ரயிலிலேயே எழுதப்பட்டது. தெருவோரத்தில் தபால் பெட்டிகளை நிறுத்தலாம் என்று யோசனை கூறி, 1852-இல் சானல் தீவுகளில் அதை நடத்திக் காட்டியவரும் இவரே. அவருக்கு உட்கார இடம் கிடைத்திருக்கிறது என்பதை மட்டும் நான் பொறாமையோடு குறித்துக்கொண்டேன்.

இத்தனை தூரம் போவானேன்? இந்த நகரத்திலேயே உழைத்துக்கொண்டு எழுதியவர்களுக்குக் குறைவில்லை. மராத்திக் கவிஞர் நாராயண் சுர்வே, தெருவில் கிடந்த குழந்தையாக ஒரு மில் தொழிலாளியால் எடுத்து வளர்க்கப்பட்டவர்; மில்லில் வேலை செய்து, பள்ளியில் பியூனாக இருந்து, பிறகு ஆசிரியரானவர். 1962-இல் வந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதி மராத்தி இலக்கியத்தில் தொழிலாளியின் குரலை நிலைநாட்டிற்று. 1998-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் தாராவியை ஒட்டியிருக்கும் மாதுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்தவர் பாபுராவ் பாகுல். 1963-இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுதி மராத்தித் தலித் இலக்கியத்துக்கே கால்கோள் எனப் போற்றப்படுகிறது. நம்மவரில் நாஞ்சில்நாடன் 1972-இல் பிழைப்புக்காகப் பம்பாய் வந்தவர். பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் 'ஏடு' இதழில் எழுதியவர். அவருடைய முதற் சிறுகதை 1975-இல் 'தீபம்' பத்திரிகையில் வெளிவந்தது. வேலை தேடி ஊரைவிட்டு இங்கே வந்து சேரும் இளைஞனின் பாட்டை அவருடைய 'மிதவை' நாவலில் படித்தபோது, என் தகப்பனாருடைய வாழ்க்கையை அவருக்கு யார் சொன்னார்கள் என்று திகைத்தேன்.

பார்சல் குமாஸ்தாவின் எழுத்து இவற்றோடு சேர்ந்ததன்று. அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், உருப்படி எத்தனை, எடை எத்தனை, உள்ளே இருப்பது என்ன. கணிப்பொறியில் தட்டினாலும் கட்டங்கள் அவையேதாம். கண் கண்டதையும் தராசு சொன்னதையும் தவிர ஓர் எழுத்துக்கூட மிகையாக எழுதலாகாது. மோட்டார் சைக்கிள் அனுப்ப வருகிறவரிடம் பெட்ரோல் டாங்கியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வோம். இப்படி வண்டியை ஊருக்கு அனுப்புகிறவர்களில் பலர், இந்நகரத்தை விட்டே போகிறவர்கள். 'பழைய மோட்டார் சைக்கிள் 1, பெட்ரோல் இல்லை' என்று பதியும்போது, எதிரே நிற்பவர் இனித் திரும்பமாட்டார் என்று அவருடைய முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். அதை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது. நாங்கள் வேலை செய்யும் நிலையம் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வெளிநாட்டார் வந்து அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். குமாஸ்தாக்கள் எல்லோரும் குனிந்துகொண்டிருக்கிறோம்.

இவ்வகை எழுத்து ஒருவனுடைய நடையைக் கெடுத்துவிடும் என்று சொல்லுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது இதுவே. ஆனால் எழுத்தில் எனக்கு முதற் பயிற்சி கிடைத்தது காரியாலயத்தில் அன்று. தாராவியில் ஒரு சந்தில், என்னுடைய பதினோராம் வயதில்.

எங்கள் சந்தில் 'எழுதப் படிக்கத் தெரிந்தவன்' என்பது படிப்பைக் குறிக்கும் சொல்லாக இருக்கவில்லை. அது ஏறக்குறைய ஓர் உத்தியோகம். மணியார்டர் பாரம் பூர்த்தி செய்யவும், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டவும், பதில் எழுதவும் ஓர் ஆள் வேண்டுமே! போரி பந்தரில், 1913-இல் கட்டி முடித்த பெரிய தபால் நிலையத்தின் எதிரே மேஜை போட்டு அமர்ந்து, கூலிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்போர் இருந்தார்கள்; அவர்களிடம் இந்தியும் மராத்தியும் உண்டு, நம் தமிழுக்கு அங்கே வழியில்லை. ஆகவே முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற பையன்கள்தாம் அந்த உத்தியோகத்தை வகித்தோம். சம்பளம் ஒரு முறுக்கு. சில சமயம் எட்டணா.

1880-இல் இந்நாட்டுத் தபாலாபீசுகளில் மணியார்டர் ஏற்பட்டது. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன். பாரத்தின் கீழே விஷயம் எழுதுவதற்கு ஒரு சிறு கூப்பன் இருக்கும். பணத்தைக் கொடுக்கும் தபால்காரர் அந்தக் கூப்பனைக் கிழித்துப் பணத்தோடு கொடுத்துவிட்டு, பாரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார். நாலு விரல் அகலமுள்ள அந்த இடத்தில் ஒரு மாத வாழ்க்கையை அடக்கவேண்டும். சுருக்கமாக எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை.

நான் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரைச் சந்திலிருந்தவர்கள் எல்லோரும் 'இட்லி அண்ணாச்சி' என்பார்கள். நான் 'மாமா' என்று அழைப்பேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிறு கிராமத்துக்காரர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடியே தெருத் தெருவாக விற்றுவருவார். ஐந்து ஆண்கள் சேர்ந்து ஒரே அறையில் குடியிருந்தார்கள். மனைவி மக்கள் ஊரில். மாதத்தில் ஒரு நாள், மாவு அரைத்து முடித்த மாலை வேளையில், ஓர் இன்லாண்டு கடிதத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காருவார். மணியார்டரும் கூப்பனும் வேறு, கடிதம் வேறு. கடிதத்துக்கு அவர் ஒரு தனி மரியாதை வைத்திருந்தார்.

"அன்புள்ள மனைவிக்கு" என்று நான் பள்ளிக்கூடத்தில் கற்றபடி முதலில் தொடங்கினேன். அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அதெல்லாம் வேண்டாம்லே. 'எழுதிக்கொண்டது' என்று போடு, போதும்" என்றார். பிறகு ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போவார். நான் இங்கு சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். ரூபாய் 800 மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரருக்கு 300 கொடுக்கவும். பையனுக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை எடுக்கவும். ஆட்டை இப்போது விற்கவேண்டாம். இந்த வருஷம் கொடைக்கு வர முடியாது. வேறு விசேஷம் இல்லை. எல்லாக் கடிதமும் 'வேறு விசேஷம் இல்லை' என்றே முடியும். 1998 முதல் 2003 வரை இவ்விதம் எழுதினேன். பிறகு ஊரில் கடைக்காரர் வீட்டுக்கு டெலிபோன் வந்துவிட்டது, இங்கே எஸ்.டி.டி. பூத்தில் இரவு கட்டணம் குறைவு. கடிதம் நின்றது. நானும் மெட்ரிக் தேறி, சில வருஷங்களில் உத்தியோகத்துக்குப் போனேன்.

அண்ணாச்சியின் மகன் பிறகு இங்கே வந்து வேலையில் அமர்ந்து, செம்பூரில் குடித்தனம் வைத்தார். 2011-இல் தாயாரும் ஊரைப் பூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணாச்சி 2021-இல் காலமானார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்தி, பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தாள். நீல நிற இன்லாண்டுகள், மடிப்பில் இற்றுப்போனவை, 46 இருந்தன. பாட்டி தகரப் பெட்டியில் வைத்திருந்து, செம்பூருக்கும் கொண்டுவந்திருக்கிறார். "பாட்டி இதைப் படி, படி என்கிறாள், மாமா. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குக் கூட்டிக் கூட்டிப் படித்தால் பாதி வருகிறது" என்றாள்.

இதை நான் அந்தக் குடும்பத்தின் குறையாகச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை வீடுகள் இப்படி! மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஆனால் தமிழ் வகுப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், ஊரோடு பழக மராத்தி வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவதில் தப்பு என்ன இருக்கிறது? வீட்டில் தமிழ் பேசுகிறோம், தமிழ்ப் படம் பார்க்கிறோம், மாதுங்காவில் வாழையிலையும் பூவும் வாங்கும்போது பக்கத்திலே தொங்கும் தமிழ்ப் பத்திரிகையையும் வாங்குகிறோம். அதைப் படிப்பவர் வீட்டில் ஒருவரே இருப்பார், அவருக்கும் நரை கண்டிருக்கும். ஊருக்குப் போகும் சென்னை வண்டியில் நம் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். சோலாப்பூர் வரையில் நிலையப் பலகைகளைத் தேவநாகரியில் கடகடவென்று படிப்பார்கள். ராய்ச்சூரில் கன்னடம், குந்தக்கல்லில் தெலுங்கு. ஆங்கில எழுத்துக்களைப் பார்த்துக்கொள்வார்கள். அரக்கோணத்தில் பலகையின் உச்சியில் தமிழ் வந்துவிடும். அங்கும் ஆங்கிலத்தையே பார்ப்பார்கள்.

முதற் கடிதத்தைப் பிரித்தேன். என் கையெழுத்து! கோடு போட்டதுபோல் நிமிர்ந்து நிற்கும் பதினோரு வயதுக் கையெழுத்து. படிக்கத் தொடங்கினேன். பாட்டியை நான் 'அத்தை' என்பேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'ஆட்டை' என்று நான் வாய் திறக்குமுன் "இப்போது விற்கவேண்டாம்" என்று அவர் முடித்தார். அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. கடிதங்கள் அவருக்கு மனப்பாடம். ஊரில் தபால்காரர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துக் காட்டுவாராம். சொன்னவருக்கும் எழுத்துத் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. இடையிலே ஒரு சிறுவனுடைய கையும் ஒரு தபால்காரருடைய வாயும்.

"வேறு விசேஷம் இல்லை. இப்படிக்கு" என்று முடித்தேன்.

"அதுக்கு மேலே, தம்பி?"

"அவ்வளவுதான் அத்தை."

"எப்படி? 'உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரியிலே தனியாகத் தண்ணீர் பாய்ச்சப் போகாதே' என்று வருமே. எல்லாக் கடுதாசியிலும் கடைசியிலே அதுதானே வரும்?"

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அடுத்ததை எடுத்தேன், அதிலும் இல்லை. எழுதியவன் நான். அண்ணாச்சி ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை; சொல்லக் கூடியவரும் அல்லர். 'அன்புள்ள' என்ற ஒரு சொல்லுக்கே கூசியவர். அந்த வரியைச் சேர்த்தவர் தபால்காரராகத்தான் இருக்கவேண்டும். 'வேறு விசேஷம் இல்லை' என்று முடியும் கடிதத்தைக் கேட்டுக்கொண்டு எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றிற்றோ! ஒரு தடவை சேர்த்தவர், பிறகு ஐந்து ஆண்டுகளும் சேர்த்தே படித்திருக்கிறார்.

அத்தை காத்திருந்தார். "மடிப்பில் மறைந்திருந்தது, அத்தை" என்று சொல்லி, அந்த வரியையும் படித்தேன். அவர் தலையை அசைத்துக்கொண்டார். அதன்பின் அன்று படித்த ஒன்பது கடிதங்களையும் அதே வரியோடு முடித்தேன். பார்சல் ரசீதில் இல்லாத ஓர் உருப்படியைப் பதிந்தால் எனக்கு வேலை போய்விடும். ஆனால் இந்தக் கணக்கில் உருப்படி குறைந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தபால்காரர் சேர்த்ததை அத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக வைத்துக் காத்திருக்கிறார். அதைத் தள்ளிவிட எனக்கு என்ன உரிமை?

புறப்படும்போது அந்தப் பெண் தயங்கி நின்றாள். "மாமா, மீதியை நானே படிக்கவேண்டும் என்று இருக்கிறது. எத்தனை நாள் ஆகும்?" என்றாள்.

ஞாயிறுதோறும் வரச் சொன்னேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கேட்டதும் முதலில் மலைத்தாள். மராத்தி எழுத்து நன்றாகத் தெரிந்தவள் ஆதலால், க, ச, ட, த, ப என்ற வரிசை அவளுக்குப் புதிதன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக்கள் இருந்த இடத்தில் நாம் ஒன்றையே வைத்துக்கொண்டு சமாளிப்பதுதான் அவளுக்குப் பெரிய வேடிக்கை. "பல்லா, பள்ளா என்பதற்குத் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறீர்கள்; காந்திக்கும் காக்கைக்கும் ஒரே எழுத்தா?" என்று சண்டைக்கு வந்தாள். பேசத் தெரிந்த மொழியாகையால் விரைவில் பிடிபட்டுவிட்டது. நம் பிள்ளைகள் வேற்று மொழியாக அல்லவே இதைக் கற்கப் போகிறார்கள். வாயில் இருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பாடப் புத்தகமாக முதலில் கடைப் பலகைகள், பிறகு இப்பத்திரிகை, பிறகு என் பழைய கையெழுத்து.

ஒரு நாள் அவள், நான் முன்பு படித்துக் காட்டிய முதற் கடிதத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து முடித்தாள். மறுபடி ஒரு முறை படித்தாள். மடிப்பைப் பிரித்து உட்புறத்தையும் பார்த்தாள்.

"மாமா, அந்த வரி இதில் இல்லையே?"

இல்லை என்றேன். தபால்காரரைப் பற்றிச் சொன்னேன். "நீங்கள் படித்தீர்களே?" என்றாள். படித்தேன் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடிதக் கட்டைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் வண்டியில் எனக்குப் படிப்பு ஓடவில்லை. அவள் பாட்டியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாளோ என்று யோசனை. இக்காலத்துப் பெண், சொன்னாலும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை இரவு டெலிபோனில் பேசினாள். "பாட்டிக்கு இரண்டு கடிதம் படித்துக் காட்டினேன், மாமா. கடைசி வரியையும் சேர்த்துத்தான் படித்தேன்" என்றாள். உடனே, "அது போகட்டும், மூன்றாவது கடிதத்தில் ஓர் இடம் புரியவில்லை. 'கமலைக் கிணற்றுப் பக்கத்து வேலியை அடைக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். கமலை என்பது யார்? பாட்டியிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், சொல்லமாட்டேன் என்கிறாள்" என்றாள்.

எழுதினவன் நான்தான் என்றாலும், தாராவியிலே வளர்ந்தவன்; எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையையும், அதன் தோல் வாலையும், முன்னும் பின்னும் மாடு நடக்கும் சரிவையும் அம்மா கையால் காட்டிக் காட்டி விவரித்தாள். அதையெல்லாம் நான் டெலிபோனில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள்.